கேட்பவர்கள்

திபிலிசியில், க்ல்தானிப் பக்கத்து
பதினாறு மாடிக் கட்டடங்களில்
லிஃப்டுக்குக் காசு போட வேண்டும்.
போடாவிட்டால் அசையாது.
அந்தக் காசுப் பெட்டிகளைத் திறந்து
எண்ணி எடுப்பது என் வேலை.
பெயர் லம்ஸீரா. வயது ஐம்பத்திரண்டு.
இதுவரை யாரும் என்னிடம்
எதையும் விளக்கச் சொன்னதில்லை.

பிப்ரவரியில் ஒரு மைக் வாங்கினேன்.
"பாடுவீங்களா?" என்றான் கடைப் பையன்.
இல்லை.
"அப்ப யாரோட பேசப் போறீங்க?"
தெரியாது, அதற்குத்தான் வாங்குகிறேன்
என்று சொல்லக் கூச்சமாக இருந்தது.
மகளுக்கு என்றேன்.
எனக்கு மகள் கிடையாது.

துணி அலமாரிக்குள் உட்கார்ந்தால்
எதிரொலி வராதாம்.
உட்கார்ந்தேன்.
தலைக்கு மேல் மூன்று குளிர்காலக் கோட்டுகள்,
ஒன்றில் இன்னும் அந்துருண்டை வாசம்.
முழங்காலில் ஒரு தாள். தாளில் ஒரே வரி:
லிஃப்ட் ஏன் களைப்பதில்லை?
சுவருக்கும் காது உண்டு என்பார்கள்.
கோட்டைப் பற்றி யாரும் சொன்னதில்லை.

"வணக்கம்" என்றேன்.
யாருக்கு?
நிறுத்தினேன்.
"நண்பர்களே"
ஓட்டுக் கேட்க வந்தவள் மாதிரி இருந்தது.
"அன்பு நேயர்களே"
இது வானொலி, அதுவும் யாரோ இறந்துபோன செய்தியை
அடுத்துச் சொல்லப்போகிற வானொலி.
பதினோராவது முறை வணக்கமே வைக்காமல்
"ஒண்ணு சொல்லட்டுமா?" என்று ஆரம்பித்தேன்.
மேல்வீட்டுக்காரர் சுவரில் துளை போட ஆரம்பித்தார்.

பன்னிரண்டாவதில் சொன்னேன்:
நாம் ஏறும்போது
சுவருக்குப் பின்னால் ஒரு கனம் இறங்குகிறது.
நாம் வீட்டுக்குள் போய்ச் செருப்பைக் கழற்றிய பிறகும்
இருட்டில் அது தொங்கிக்கொண்டிருக்கிறது.
நன்றாகத்தான் போனது.
தைரியம் கொஞ்சம் அதிகமாகி,
பிரேக் விட்டுப்போனால்
காலிக் கூண்டு கல் மாதிரி விழும் என்று
கண்ணால் பார்த்தவள்போல் அடித்துவிட்டேன்.

திரும்பப் போட்டுப் பார்த்தேன்.
யாரோ ஒருத்தி
என் வீட்டு வாசலில் நின்று
சர்க்கரை கடன் கேட்கிற குரல்.
அதையே ஊருக்கு அனுப்பினேன்.

முதல் வாரம் நான்கு பேர்.
அதில் இரண்டு நான்.
மூன்றாவது, ஆபீஸ் போனில் நான்.

நான்காவது யார்?
பெட்டியைத் திறக்கும்போதெல்லாம்
லிஃப்டில் வருகிறவர்களின் காதைப் பார்த்தேன்.
ஒன்பதாம் மாடிப் பையன் இயர்போனோடு
தலையை ஆட்டினான். நெஞ்சு படபடத்தது.
அவன் காதில் தாளம் அதிர்ந்தது எனக்கே கேட்டது.
என் லிஃப்டில் தாளம் இல்லை.

பிறகு ஒரு செய்தி வந்தது.
போத்தித் துறைமுகம், கோதெர்ஜி, கிரேன் ஓட்டுபவர்.
"காலிக் கூண்டு விழாது.
எதிர்க்கனம் அதைவிடப் பாரம்.
பிரேக் விட்டால் கூண்டு மேலே போகும்.
மற்றபடி நன்றாக இருந்தது.
அடுத்தது எப்போது?"

காது மடல் வரை சுட்டது.
அழித்துவிடலாம் என்று விரலைக் கொண்டுபோனேன்.
ஆனால் அந்த ஒரு வரி.
மேலே போகும்.

மறுநாள் பதினான்காம் எண் கட்டடம்.
சாவி என்னிடமே இருந்தும்
பத்துத் தெத்ரி போட்டு ஏறினேன்.
பாதி வழியில் தோன்றியது:
இத்தனை வருஷம் இது எங்களைத் தூக்கியது என்று நினைத்தேன்.
எங்களைப் போட்டுத்தான்
இதைக் கீழே பிடித்துவைத்திருந்தார்களோ?
இதுவும் தவறாக இருக்கலாம்.
போத்தியில் கேட்க வேண்டும்.

மார்ச், இரண்டாவது பகுதி.
அலமாரிக்குள் புழுக்கம்.
அந்துருண்டைக் கோட்டை வெளியே எறிந்துவிட்டு
மைக்கைக் கிட்ட இழுத்து
"போன முறை நான் சொன்னது தப்பு" என்றேன்.
ஒரே தடவையில் சரியாக வந்தது.

அப்போது மேலே மறுபடியும் துளை.
இந்த முறை நிறுத்தவில்லை.
"கேக்குதா?" என்றேன்,
"மேல்வீட்டில் சுவரைக் குடைகிறார்கள்.
ஒரு மாதமாக.
அப்படி என்னத்தை மாட்டுகிறார் என்று
அடுத்த வாரம் கேட்டுச் சொல்கிறேன்."